நீங்கள் பார்க்காத ஒப்பந்தம்

அமெரிக்காவில் நிறுவனங்களுக்கு ஊழியர் மருத்துவக் காப்பீடு அமைத்துக் கொடுப்பது என் தொழில், இருப்பது டாலஸில். நவம்பரில் ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம், வந்தாலே நம்மவர்கள் கேட்பது இதைத்தான்: "அதே எம்ஆர்ஐ தனி ஸ்கேன் சென்டரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, இன்சூரன்ஸ்காரன் ஏன் அங்கே போகச் சொல்வதில்லை?" பல ஊர்களில், அப்படிச் சொல்ல மாட்டோம் என்று அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஊரில் பாதி மருத்துவமனைகள் ஒரே குழுமத்தின் கையில் இருந்தால், அது இல்லாத நெட்வொர்க்கை (காப்பீடு ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனைகளின் பட்டியலை) யாரும் வாங்க மாட்டார்கள். அந்தத் தெம்பில் குழுமம் நிபந்தனை போடும். ஒரு மருத்துவமனை வேண்டுமென்றால் எங்கள் அத்தனையையும் சேர்த்துக்கொள். நோயாளியை மலிவான இடத்துக்குக் கைகாட்டாதே. நோயாளி கூடுதலாகக் கைக்காசு கட்ட வேண்டிய இரண்டாம் அடுக்கில் எங்களை வைக்காதே. விலையை வெளியே சொல்லாதே.

வடக்கு கலிஃபோர்னியாவின் சட்டர் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் மீது 2014இல் வழக்குப் போட்டது மளிகைக்கடைத் தொழிலாளர்களின் காப்பீட்டு அறக்கட்டளை. 2018இல் மாநில அட்டர்னி ஜெனரலும் சேர்ந்துகொண்டார். நடுவில் சட்டர் 192 பெட்டி ஆவணங்களை அழித்துவிட்டது தெரியவந்து நீதிபதி கண்டித்தார். (அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஓர் ஊகம் உண்டு.) தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே, 57.5 கோடி டாலர் கொடுத்து இந்த நிபந்தனைகளையும் கைவிடச் சம்மதித்தது சட்டர். மருத்துவமனைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மிச்சிகனில் ப்ளூ கிராஸ் என்ற காப்பீட்டு நிறுவனம், தன் போட்டியாளர்களிடம் கூடுதல் விலை வாங்கும்படி மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டதாக மத்திய அரசின் நீதித்துறை 2010இல் வழக்குத் தொடுத்தது. 2013இல் மாநிலமே அத்தகைய ஷரத்தைத் தடைசெய்ததும் அந்த வழக்கு முடிந்தது.

வழக்கு என்றால் வருடக்கணக்கு. அதனால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. 2019இல் செனட் சுகாதாரக் குழு நிறைவேற்றிய மசோதாவில் மேலே சொன்ன நிபந்தனைகள் அனைத்துக்கும் தடை இருந்தது. 2020 டிசம்பரில் பட்ஜெட்டோடு சேர்ந்து சட்டமானபோது 'விலையை வெளியே சொல்லாதே' என்ற வாய்ப்பூட்டு ஷரத்துக்கான தடை மட்டும் தேறியது, மற்றவற்றைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாநிலங்கள் தனித்தனியாக இறங்கின. எங்கள் டெக்சாஸில் 2023 செப்டம்பர் முதல் கைகாட்டத் தடை, அடுக்குத் தடை, வாய்ப்பூட்டு, காப்பீட்டு நிறுவனம் கேட்கும் 'எனக்கே குறைந்த விலை' ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் நோயாளியை ஓரிடத்துக்குக் கைகாட்டினால் அது அவர் நன்மைக்காகவே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எனக்குப் பிடித்த வரி அது. ஆனால் பெரிய குழுமம் எழுத்தில் கேட்காததைப் பேச்சுவார்த்தை மேசையில் வாய்வார்த்தையாகக் கேட்டால் எந்தச் சட்டமும் லேசில் பிடிக்காது.

மத்தியச் சட்டத்தில் தேறிய அந்த வாய்ப்பூட்டுத் தடையையாவது பயன்படுத்துகிறோமா? வேலை மூலம் காப்பீடு பெறுவோரில் பாதிக்கு மேல் செல்ஃப் ஃபண்டட் திட்டத்தில் இருப்பவர்கள். அதாவது பில்லைக் கட்டுவது உங்கள் கம்பெனி; அட்டையில் பெயர் போட்டிருக்கும் டிபிஏ, அதாவது திட்டத்தை நிர்வகிக்கும் வெளி நிறுவனம், கணக்கு மட்டும் பார்க்கிறது. என்னிடம் வந்த ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் தன் கிளெய்ம் விவரத்தைக் கேட்டது. முதல் பதில்: "வணிக ரகசியம்." சட்டத்தைக் காட்டியதும் ஒரு எக்செல் வந்தது. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே சராசரித் தொகை! வருடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம் என்பது போன்ற சுற்றுவழிக் கட்டுப்பாடுகளும் வாய்ப்பூட்டுதான் என்று மத்தியத் துறைகள் 2025 ஜனவரியில் விளக்கம் கொடுத்த பிறகுதான் பலருக்குக் கொஞ்சம் பிடி கிடைத்தது.

எங்கள் ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு இல்லை என்று ஒவ்வொரு திட்டமும் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அரசுக்கு உறுதிமொழி தர வேண்டும். உங்கள் எச்ஆரிடம் கேளுங்கள்: போன தடவை அதைத் தாக்கல் செய்தது யார், செய்வதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்தது யார்? முதல் கேள்விக்கு டிபிஏவின் பெயரைச் சொல்வார்கள். டிபிஏ தாக்கல் செய்தாலும் பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்பது பல எச்ஆர்களுக்கே தெரியாது.