மூன்று புல்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சென்னைப் பக்கம் ஒரு கொரியன் கம்பெனியில் வேலைக்கு முயற்சி பண்ணுகிறேன். பாஷை தெரிந்தால் நல்லது என்கிறார்கள். எனக்கு அந்த ஊர் நாடகமும் பிடிக்காது, பாட்டும் பிடிக்காது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்படி ஒரு பாஷை மண்டையில் ஏறுமா சார்?"

ஏறும். இலக்கணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். கொரிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். வெள்ளைக்காரர் ஆறு மாதம் திண்டாடும் இடத்தை நாம் ஒரு வாரத்தில் கடந்துவிடலாம். சொற்களை மனப்பாடம் செய்தாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. எனக்குச் சுவாரசியமாகப் படுவது காது.

கொரிய மொழியில் நெருப்புக்கு ஒரு சொல், புல்லுக்கு ஒரு சொல், மாட்டுக் கொம்புக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதிப் பார்த்தால் புல், புல், புல். அவர்கள் காதுக்கோ இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். (அவர்கள் புல்லும் நம் புல்லும் ஒன்றாக இருக்கிறதே, அம்மா அப்பாவும் அங்கே கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறதே, ஆகவே கொரியன் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் எனக்கு வாரம் ஒருவர் அனுப்புகிறார். உலகத்தில் பாதி மொழிகளில் குழந்தை அம்மாவை 'ம' போட்டுத்தான் கூப்பிடுகிறது. பத்துச் சொல் ஒத்துப்போனால் சொந்தம் என்பது பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடிப்பது போலத்தான்.)

'ப' எப்படிப் பிறக்கிறது? உதடு மூடுகிறது, பின்னால் காற்று சேருகிறது, உதடு திறக்கிறது. பிறகு தொண்டையில் குரல்நாண் அதிரத் தொடங்குகிறது. உதடு திறப்பதற்கும் அதிர்வு தொடங்குவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. மாத்திரைக்குக் கண்ணிமையும் கைநொடியும் அளவு என்று பள்ளியில் படித்தோமே, இது அதைவிடச் சிறியது. 1964இல் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இதை அளந்தார்கள். தமிழும் அதில் ஒன்று, கொரியனும் ஒன்று. நம் 'ப'வுக்கு இடைவெளி சுமார் 12 மில்லி செகண்ட். கொரியனில் கொம்பின் 'ப'வுக்கு 10க்குள், நெருப்புக்கு 20ஐ ஒட்டி, புல்லுக்கு 90 அளவில். இடைவெளி நீண்டால் அதற்குள் மூச்சு வெளியே சீறும். அதாவது நான் நம் பாணியில் "புல்" என்று சொன்னால், கொரியர் காதில் அது கொம்பாக விழவே வாய்ப்பு அதிகம்.

கரண்ட் போன ஒரு ராத்திரி, மெழுகுவர்த்தியை உதட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துச் சொல்லிப் பார்த்தேன். கொம்புக்குச் சுடர் அசையவில்லை. புல்லுக்குப் படுத்து எழுந்தது. நெருப்பு இரண்டுக்கும் நடுவில் கிடந்து படுத்தியது. தென்கொரியத் தலைநகர் சோலில் இன்றைய இளைஞர்கள் பேச்சில் நெருப்புக்கும் புல்லுக்கும் மூச்சு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதாம். வேறுபாடு சுருதிக்குப் போய்விட்டது: நெருப்பு கீழ்ச்சுருதியில் தொடங்கும், புல் மேலே. ஒரு மொழி தன் வேறுபாட்டை மூச்சிலிருந்து சுருதிக்கு மாற்றி வைப்பது நம் கண்ணெதிரே நடக்கிறது!

இதையெல்லாம் படித்துவிட்டு, பதிவு செய்த கொரியர் குரலைப் போட்டு, மூன்றில் எது என்று சொல்லிப் பார்த்தேன். 20க்கு 8 சரி. கேட்காமலே குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் 7 வந்திருக்கும். பக்கத்து வீட்டு சௌராஷ்டிர அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "இது மூச்சு விட்டுச் சொல்றது, இது இல்ல" என்று கொம்பைச் சட்டென்று தனியே பிரித்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பேச்சில் மூச்செழுத்து உண்டு. நெருப்பா புல்லா என்பதில் அவரும் என்னோடு சேர்ந்து விழித்தார்.

என் காதில் கோளாறு இல்லை. ஒலி உள்ளே போகிறது. மூளைதான் வயலில் வரப்பு கட்டி வைத்திருக்கிறது. ஒரு வரப்புக்குள் எது விழுந்தாலும் அதற்கு ஒரே பயிர். பிறக்கும்போது இந்த வரப்பு இப்படி இறுகிக் கிடப்பதில்லை. 1984இல் வெர்க்கர், டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இது: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் த, ட இரண்டையும் பிரித்துக் கேட்கின்றன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறமை போய்விடுகிறது. வீட்டில் தேவைப்படாததை மூளை கழித்துவிடுகிறது.

இனி உங்கள் 'உறவு' கேள்வி. 2003இல் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழியில் கொஞ்சி விளையாட ஆள் வைத்தார்கள். 12 முறை விளையாடியதில் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை டிவியில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. குழந்தைக்கு உறவு வேண்டும், உங்கள் சந்தேகம் அந்த அளவில் சரி.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு. ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல இரண்டும் ஒன்றாகக் கேட்பது ஊரறிந்தது. 1991இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பதிவு செய்த குரல்களைப் போட்டு, 'ர'வா 'ல'வா என்று கேட்டு, பதில் தப்பானால் உடனே சொன்னார்கள். அவ்வளவுதான். காது திறந்தது. பிற்பாடு வேறு சிலரை இதே முறையில் பழக்கிச் சோதித்தபோது மூன்று மாதம் கழித்தும் அது நின்றது. சூட்சுமம் எங்கே என்றால், குரல்கள் பலவாக இருக்க வேண்டும். ஒரே ஆளின் குரலில் பழகியவர்கள் அந்த ஆளைத்தான் கற்றுக்கொண்டார்கள். புதுக் குரல் வந்ததும் தடுமாறினார்கள். ஆணும் பெண்ணும், கட்டையும் கீச்சும் கலந்து வரும்போது, ஆளுக்கு ஆள் மாறுவதை மூளை தள்ளிவிட்டு, மாறாமல் நிற்பதைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு போனும் பத்துப் பேர் குரலும் போதும். நான் வேலை பார்த்த கல்லூரியில் லட்சக்கணக்கில் செலவழித்து மொழிக்கூடம் கட்டினார்கள். ஹெட்போன்கள் உறை பிரிக்காமல் பூட்டிக் கிடந்தன. அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கைத் தமிழ்க் காது எந்த ஒலியில் வழுக்குகிறது என்று ஆராயக் கொடுத்திருக்கலாம்.

நான் தினமும் பதினைந்து நிமிடம் வீதம் மூன்று வாரம் கேட்டேன். இப்போது 20க்கு 15. கொம்பு தப்புவதே இல்லை. ஒரு கிழவர் குரல் மட்டும் இருக்கிறது, அவர் நெருப்பைச் சொல்கிறாரா புல்லைச் சொல்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை.