‘இந்துக்களுக்கு மட்டும்’ என்று ரசீதில் அச்சடிக்கலாமா?

போன ஆடி மாதம் ஒரு கல்யாண மண்டப உரிமையாளர் ரசீதுப் புத்தகத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். 60 வயதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 11 நிபந்தனைகள். மூன்றாவது, “மண்டபம் இந்துக்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடப்படும்.” பக்கத்துத் தெருக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருக்கிறது, மேனேஜரும் வாங்கிவிட்டார். பத்திரிகை அடிக்கிற நேரத்தில் விஷயம் தெரிந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணின் அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

“என் இடம், என் காசுல கட்டினது, உள்ளே பிள்ளையார் சன்னதி இருக்கு. எனக்கு மத சுதந்திரம் கிடையாதா சார்?”

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். இதே கேள்வியோடு லாட்ஜ் வைத்திருப்பவர்களும் சலூன்காரர்களும் என்னிடம் வருகிறார்கள், அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

மத சுதந்திரம் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அப்புறம் அடிப்படை உரிமைகள் பகுதியில் உள்ள மற்ற பிரிவுகள், இத்தனைக்கும் உட்பட்டுத்தான் அந்த உரிமை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. அந்த ‘மற்ற பிரிவுகளில்’ ஒன்றுதான் 15(2). மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி யாரையும் கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துபவை. இது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தனி ஆளையும் கட்டுப்படுத்தும். ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. தேடி வருகிற யாருக்கும் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதுதான் கடை என்று அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். 2011-இல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது.

அதற்காகக் கடைக்காரர் தன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. எதை விற்பது என்பதை உங்கள் நம்பிக்கை முடிவு செய்யலாம். சைவம் மட்டும் சமைக்கலாம், ஹலால் கறி மட்டும் விற்கலாம், வெள்ளிக்கிழமை மதியம் கடையை மூடலாம். சன்னதி இருக்கும் மண்டபத்தில் அசைவமும் மதுவும் கூடாது என்று சொல்லலாம், அது எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் போதும். யாருக்கு விற்பது என்பதில்தான் நம்பிக்கையைக் கொண்டுவர முடியாது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும், சிவபக்தர்கள் கங்கை நீர் சுமந்து போகும் கன்வர் யாத்திரைப் பாதையில் உள்ள உணவகங்கள் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், ஆளின் பெயரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: “எங்க மதத்தையே திட்டி ஒரு நோட்டீஸ் அடிக்கச் சொன்னா?” அது வேறு. யார் கொண்டுவந்தாலும் அந்த வாசகத்தை அடிக்க மாட்டேன் என்றால் நீங்கள் மறுப்பது வாசகத்தை. பெல்ஃபாஸ்டில் ஒரு பேக்கரி, ஓர்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018-இல் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. அதைக் காட்டி, பாய் கொண்டுவந்த விசிட்டிங் கார்டு வேலையைத் திருப்பி அனுப்ப முடியாது.

சாதி என்று வந்துவிட்டால் சட்டத்தின் கை இன்னும் கனம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-ஐ எடுத்துப் பாருங்கள். தள்ளுவண்டி, சலவைக் கடை, முடிதிருத்தும் கடை எல்லாமே அதில் ‘கடை’தான். தீண்டாமை காரணமாகப் பொருளோ சேவையோ தர மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, லைசென்ஸையும் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை என்கிறது சட்டம். மற்றவர்களுக்கு கண்ணாடி டம்ளரும் காலனிக்காரர்களுக்குப் பேப்பர் கப்பும் கொடுக்கிற டீக்கடைக்காரர் “டீ கொடுத்தேனே” என்று தப்ப முடியாது. எங்கள் மதத்தில் இப்படித்தான், பரம்பரை வழக்கம் என்று தீண்டாமைக்கு நியாயம் பேசினால் அதுவே தனிக் குற்றம். இதைச் சொன்னதும் மண்டபக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவரே மெதுவாக ஒன்று சொன்னார். பட்டியல் சாதிக் குடும்பம் வந்தால் மேனேஜர் டைரியைத் திறந்துகூடப் பார்க்காமல் “தேதி காலி இல்லை” என்று சொல்லிவிடுவாராம். அவர்களும் இந்துக்கள்தானே என்று கேட்டேன், பதில் இல்லை. இப்படி மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்றே 1955 சட்டப்படி நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மறுத்தவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்கு வரலாம், அதில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். “இந்தத் தேதி காலியா?” என்று வாட்ஸப்பில் கேட்டு, வருகிற பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ரசீதைத் திருப்பிக் கேட்டால் போட்டோ எடுத்த பிறகு கொடுங்கள். உங்களுக்கு இல்லாத தேதி வேறொருவருக்குக் கிடைத்ததா என்று விசாரித்து வையுங்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. முஸ்லிம் என்பதற்காக மட்டும் லாட்ஜில் அறை மறுத்தால் அது 15(2)-க்கு விரோதம்தான், ஆனால் இத்தனை மாதம் சிறை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. நோட்டீஸ், ரிட் மனு என்று சுற்றித்தான் போக வேண்டும். வீட்டு வாடகை என்றால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடுகிறது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று இருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பெயரைச் சொன்னதும் “வீடு போயிடுச்சுப்பா” என்று கேட்டுவிட்டு வருகிற பையன்களுக்கு என் மேசையில் கொடுக்க இன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தனிச் சட்டம் வர வேண்டும்.

மண்டபக்காரர் மூன்றாவது நிபந்தனையைப் பேனாவால் அடித்தார். மீதமிருந்த இரண்டு புத்தகங்களிலும் ஒவ்வொரு ரசீதாகத் திருப்பி, என் எதிரிலேயே உட்கார்ந்து அடித்துவிட்டுத்தான் போனார். அந்தக் கிறிஸ்தவக் குடும்பம் அதற்குள் வேறு மண்டபம் பார்த்துவிட்டது.