ஓடுற பாக்ஸரை துரத்தாம பிடிக்கிறது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்ல காலையில பிராக்டிஸ் பண்ற பசங்கள்ல ஒருத்தன் கேட்டான், "அண்ணா, எதிர்ல இருக்கறவன் ஒரு இடத்துல நிக்கவே மாட்றான், துரத்தித் துரத்தி ரெண்டாவது ரவுண்டுலயே எனக்கு மூச்சு வாங்குது, இந்த மாதிரி ஆளுக்கு கோச்சுங்க எப்படி தயார் பண்ணுவாங்க?"

ரியாக்‌ஷன் கதைய சுருக்கமா சொல்லிடறேன். கண்ணு பாத்து கை அசைய சுமாரா 200 மில்லிசெகண்ட் ஆகும், அதுக்குள்ள பழகினவன் தலைய விலக்கிடுவான். அதனால கிளவுஸ பாக்காத, நெஞ்சையும் இடுப்பையும் பாருன்னு சொல்லுவாங்க. இடது பக்கம் போகணும்னா வலது கால் தரைய தள்ளியாகணும், நியூட்டனோட மூணாவது விதி. கையால ஏமாத்தலாம், உடம்போட எடைய மறைக்கறது கஷ்டம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் வர்றது, ரிங்கை கட் பண்றது, அதாவது எதிராளி தப்பிச்சு ஓடற இடத்த குறுக்கறது. மணல்லயே கயிறு வச்சு வரைஞ்சு காட்டினேன். அமெச்சூர் ரிங்னா கயித்துக்கு உள்ள ஒரு பக்கம் 6.1 மீட்டர், அதாவது 20 அடி. நடுவுல குச்சி நட்டு 8 அடில ஒரு வட்டம், 3 அடில ஒரு வட்டம். வெளி வட்டத்துல அவன் ஃப்ரெண்ட், உள் வட்டத்துல இவன், ரெண்டு பேரும் நேருக்கு நேரா சுத்தணும். வெளிய ஒரு சுத்து 50 அடி, உள்ள 19 அடி கூட வராது! அவன் எட்டடி நகர்ந்தா நீ மூணடி நகர்ந்தா போதும், நடுவுல எப்பவும் 5 அடிதான், ஒரு ஸ்டெப் வச்சா ஜாப், அதான் முன் கையால நேரா விடற குத்து, எட்டிடும். பின்னாடியே ஓடினா நீயும் அந்த 50 அடியத்தான் ஓடுற, மூச்சு வாங்காம என்ன பண்ணும்?

கடலூர் முதுநகர்ல படகு ஓட்டுறவங்களுக்கு இதோட இன்னொரு பாதி தெரியும். தூரத்துல வர்ற படகு நம்ம பார்வைக்கு ஒரே கோணத்துல நின்னுக்கிட்டே பெருசானா மோதப்போகுதுன்னு அர்த்தம். தட்டான் கொசுவ பிடிக்கறதும் கிட்டத்தட்ட இப்படித்தான், கோணத்த மாறவிடாம குறுக்க போகும். பாக்ஸரும் எதிராளி நகர்ற பக்கமே சைடு ஸ்டெப் வச்சு, முன்னங்கால அவன் காலுக்கு வெளிய போட்டு வழிய மறிச்சா, அவனுக்கு மிச்சம் மூலைதான்.

எதிராளியோட கால்களையும் தளர வைக்கணும், அதுக்குத்தான் உடம்புல குத்தறது. 1971 மார்ச் 8, நியூயார்க்ல ஜோ ஃப்ரேசியர் முகமது அலிய நெருங்கி நெருங்கி விலாவுல குத்திக்கிட்டே இருந்தாரு, 15வது ரவுண்டுல ஒரு லெஃப்ட் ஹூக்ல, அதாவது இடது கைய வளைச்சு விட்ட குத்துல, அலி கீழ விழுந்தாரு, ரெஃப்ரியும் ரெண்டு ஜட்ஜுங்களும் ஃப்ரேசியருக்கே குடுத்தாங்க.

மேட்ச்சுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் சுத்திப் போடறத நான் நம்பல, அந்த நேரத்துல எதிராளி வீடியோவ ஸ்லோமோஷன்ல பாருங்க, செகண்டுக்கு 240 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேம் 4 மில்லிசெகண்ட், நெருக்கினா எந்தப் பக்கம் தப்பிக்கறான்னு தெரிஞ்சிடும். இதையெல்லாம் அளந்து சொல்ற லேப் நம்ம மாதிரி ஊருக்கும் வரணும், விளையாட்டுக்கு ஒதுக்கற பணத்துல ஒரு பங்கு அதுக்குப் போகணும்.

இப்போதைக்கு அவனுக்கு சொன்னது இதுதான்: மூணு நிமிஷம் குத்தே கிடையாது, மூலைக்கு தள்றது மட்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் களைக்காத புது பார்ட்னர்.