என்கிரிப்ஷன் என்ற சொல்லும் திறப்பு யாரிடம் என்ற கேள்வியும்

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்ரர் ஒருவர் போன மாதம் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிகள் மூன்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பாலம் தாண்டி அவர் தலையில் சுமந்து போனதும் இதே கட்டுத்தான். மழையில் நனைந்த ஓர் உறுதியின் மூலையில் நீல மை இன்னும் பரவிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி முகிலில், அதாவது இணையச் சேமிப்புச் சேவை ஒன்றில், போட்டுவிடச் சொல்லி ரொறன்ரோவில் இருக்கும் மகன் சொல்லியிருக்கிறார். மாஸ்ரர் போனை என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, இதிலை என்கிரிப்ஷன் செய்திருக்கு எண்டு போட்டிருக்கு. அப்ப என்ரை உறுதியை வேறை ஒருத்தரும் பாக்கேலாதுதானே?”

உடனே ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நிறுவனம் பொய் எழுதவில்லை. ஆனால் மாஸ்ரர் விளங்கிக்கொண்டதை அது எழுதவும் இல்லை. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, “சரி, முதல் அந்தச் சொல்லுக்குத் தமிழைச் சொல்லு” என்றார். அன்று அவரிடம் சொன்னதையும் பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என்கிரிப்ஷனின் வேர் ‘கிரிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஒளித்து வைத்தது என்று பொருள். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தேவாலயத்தின் அடியில் இருக்கும் நிலவறைக்கு முதலில் பெயரானது. தகவலை மறைக்கும் வினையாக அது புழக்கத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பிருந்தே இரகசிய எழுத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘சைபர்’. அதன் கதை எங்களுக்கு இன்னும் கிட்டியது. சூனியம் என்ற வடசொல்லை அரபியர் வெறுமை என்ற பொருளில் ‘ஸிஃப்ர்’ என்று தங்கள் மொழியில் ஆக்கிக்கொண்டார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய்ப் பூச்சியத்துக்குப் பெயராகி, பிறகு எண்களுக்கும், அதன்பின் இரகசிய எழுத்துக்கும் பெயரானது. இங்கே பழைய ஆட்கள் பூச்சியத்தை இன்றைக்கும் சைபர் என்றுதான் சொல்வார்கள். இணையக் குற்றத்தோடு சேர்த்துச் சொல்லும் சைபர் வேறு. அது கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாய் விழுந்துவிட்டதால் பலர் மயங்குகிறார்கள்.

தமிழில் என்கிரிப்ஷனுக்குக் குறியாக்கம், மறையாக்கம், மறையீடு, மறைகுறியாக்கம் என்று நாலு சொல்லாவது புழங்குகின்றன. இதில் குறியாக்கம் என்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தையில் விளக்கலாம்: பாமினி.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதம் ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாய் நிற்கும். பார்க்க இரகசிய எழுத்து மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு இரகசியமும் இல்லை. எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற அட்டவணை ஊருக்கே தெரியும். பாமினியைப் போட்டால் அம்மா திரும்பி வந்துவிடுவா. இதுதான் குறியாக்கம். ஒருங்குறியும் (யூனிகோட்) இந்த இனந்தான். ஒன்றை இன்னொரு வடிவத்தில் எழுதுவது மட்டுமே இதன் வேலை, ஒளிப்பது இல்லை. என்கிரிப்ஷனில் செய்முறை ஊருக்கே தெரிந்திருக்கலாம், மறைத்ததைத் திரும்ப வாசிக்க வைக்கும் திறப்பு (சாவி போன்ற ஓர் இரகசிய எண்) மட்டும் ஒருவரிடம் இருக்கும். இன்று பெரும்பாலான சேவைகள் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். முறையை டேமன், ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர் வகுத்தார்கள். 2001இல் அமெரிக்கா அதைத் தன் தரமாக ஏற்றது. அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, யாரும் வாசிக்கலாம். வாசித்துப் பயனில்லை. 256 பிட் திறப்பை ஊகித்துப் பிடிக்கப் போனால், 78 இலக்கம் நீளமான ஓர் எண்ணளவு திறப்புகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எனவே ‘மறை’ என்ற பகுதி சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். அது தமிழில் மிகப் பழைய சொல். கேட்ட மறையைப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை அறைபறைக்கு ஒப்பிடுகிறது 1076ஆம் குறள். அங்கே மறை என்றால் இரகசியம், வேறொன்றும் இல்லை. அப்படியென்றால் மறையாக்கம் என்றே விட்டுவிடலாமே என்று நானும் நினைத்தேன். மாஸ்ரர்தான் மறித்தார். வேதத்துக்கும் மறை என்று பெயர். யாழ் மறைமாவட்டம், மறைக்கல்வி, மறைசாட்சி என்று நாளாந்தம் கேட்கும் காதுக்கு மறையாக்கம் என்பது சமயக் காரியமாகத்தான் படும் என்றார். அவர் சொன்னது சரி. மறைகுறியாக்கம் என்றால் அந்த மயக்கம் வராது. மறைத்த குறிகளாக ஆக்குதல் என்று சொல்லே தன்னை விளக்கிவிடுகிறது. மறைந்து கிடக்கும் அந்த எழுத்துக் குவியலை மறைகுறி என்றும், அதைத் திரும்ப வாசிக்கும்படி ஆக்குவதை மறைகுறி நீக்கம் என்றும் சொல்லலாம். முதல் தடவை மறைகுறியாக்கம் என்று எழுதிவிட்டால் பிறகு மறையாக்கம் என்று சுருக்குவதில் பிழையில்லை.

இந்தச் சேவைகளின் தமிழ்ப் பக்கங்களில் ‘சாவி’, ‘விசை’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது திறப்புத்தான். திறக்கும் செயலுக்கும் திறக்கும் பொருளுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். மாஸ்ரரின் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருந்தது: திறப்பு ஆரிட்டை?

என் சின்னம்மா குடும்பம் பிரான்சுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமி நேர்மையானவ. ஆனால் நீதிமன்றக் கட்டளையோடு யாராவது வந்தால் அவ திறந்துதான் விட வேண்டும். அவவின் வீட்டில் களவு போனால் சின்னம்மாவின் திறப்பும் போய்விடும். கூகிள் டிரைவ், டிராப்பாக்ஸ், மைக்ரோசொஃப்ற்றின் வன்டிரைவ் எல்லாம், சாதாரண ஆளின் கணக்கைப் பொறுத்தவரை, இந்த மாமியின் நிலையில் இருப்பவை. உங்கள் கோப்பு வழியில் போகும்போதும் மறைகுறியாக இருக்கும், அவர்களின் கணினியில் கிடக்கும்போதும் மறைகுறியாக இருக்கும். அவ்வளவும் உண்மை. ஆனால் திறப்பு அவர்களிடம்.

மற்ற வகையை ஆங்கிலத்தில் ‘எண்ட் ரு எண்ட்’ என்பார்கள். முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்று எழுதலாம். கோப்பு உங்கள் போனை விட்டுப் புறப்பட முன்பே மறைகுறியாகிவிடும், திறப்பு உங்களிடமே தங்கும். 2013இல் தொடங்கிய நியூசிலாந்தின் மெகா, சுவிற்சர்லாந்தின் புரோட்டான் டிரைவ், கனடாவின் சிங்க் எல்லாம் இந்த வகை. பீகிளவுட் என்ற சேவையில் இதற்கென்று உள்ள தனிக் கோப்புறைக்கு மேலதிகமாகக் காசு கட்ட வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நம்பிவிடவும் கூடாது. 2022இல் சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகாவின் கட்டமைப்பில் பாரதூரமான ஓட்டைகளைக் காட்டினார்கள். நிறுவனம் திருத்தங்கள் வெளியிட்டது. அப்பிளின் ஐகிளவுட்டில் 2022 டிசம்பரில் வந்த மேம்பட்ட பாதுகாப்பு ஏற்பாட்டை நாமாகப் போய் இயக்கினால் படங்களும் காப்புப் பிரதியும் முனைக்கு முனை மறையும். மின்னஞ்சலும் நாட்காட்டியும் அப்போதும் அதற்கு வெளியேதான். லண்டனில் உறவுகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரித்தானிய அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, 2025 பெப்ரவரியில் அப்பிள் அந்த ஏற்பாட்டை அங்கே விலக்கிக்கொண்டது. அதே நிறுவனம், அதே போன், ஆனால் நாடு மாறினால் பூட்டும் மாறுகிறது.

அதைவிட எங்கள் ஆட்களை நேரடியாகத் தொடுவது வாட்ஸப். செய்திகள் முனைக்கு முனை மறைந்துதான் போகின்றன. ஆனால் அவற்றின் காப்புப் பிரதி கூகிள் டிரைவுக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பு தானாகக் கூடவே போவதில்லை. 2021 ஒக்ரோபரில் அதற்கும் ஒரு வழி வந்தது. அமைப்புகளுக்குள் போய், கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறப்போ வைத்து நாம்தான் இயக்க வேண்டும். அடையாள அட்டைப் படத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்பாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் உண்டோ தெரியாது. தயவுசெய்து இன்றைக்கே அதை இயக்கிவிடுங்கள்.

விளம்பரங்களில் ‘சீரோ நொலெட்ஜ்’ என்று இன்னொரு சொல்லும் வரும். நிறுவனத்துக்கு உங்கள் கோப்பில் இருப்பது தெரியாது என்பதுதான் சொல்ல வருவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘பூச்சிய அறிவு’ என்று எழுதினால் திட்டு மாதிரி இருக்கிறது. ‘திறப்பறியாச் சேமிப்பு’ என்று எழுதிப் பார்க்கிறேன், பொருள் சரியாக நிற்கிறது.

திறப்பைத் தன்னிடமே வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. என் தங்கை இப்படியான ஒரு சேவையில் படங்களைப் போட்டுவிட்டுக் கடவுச்சொல்லை மறந்தாள். மீட்புத் திறப்பை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. புதுக் கடவுச்சொல்லோடு கணக்கு திறந்தது. அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் திறக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். எங்களாலும் முடியாது என்று பதில் வந்தது. உண்மையாகவே அவர்களாலும் முடியாதுதான். மாமியிடம் திறப்பு இருந்திருந்தால் அம்மம்மாவின் முகம் மிஞ்சியிருக்கும். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து நான் எவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு முனைக்கு முனை என்று சொல்வதில்லை. தொலைந்தால் தாங்க மாட்டோமா, பிறர் பார்த்தால் தாங்க மாட்டோமா என்று கேட்கிறேன். குடும்பப் படத்துக்கு முதலாவது பயம். கடவுச்சீட்டுப் பிரதிக்கு இரண்டாவது. 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகளும் போயின. பூட்டு இல்லாததால் வந்த இழப்பில்லை அது, வேறிடத்தில் பிரதி இல்லாததால் வந்தது. அப்படியானவற்றுக்கு ‘நூலகம்’ என்ற பெயரில் இணையத்தில் இயங்கும் எண்ணிம நூலகம் செய்வதுபோல எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் காப்பு.

அப்புறம் ‘பிரைவசி’. லத்தீனில் பொதுவாழ்விலிருந்து விலகி நிற்பதைக் குறித்த சொல்லின் வழி வந்தது. இணையத்தில் இதற்குத் தனியுரிமை என்பதே நிலைத்துவிட்டது. ஆனால் இங்கே உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவருக்குத் தனியுரிமை என்றால் ஒரே விற்பனையாளர் சந்தையைப் பிடித்து வைத்திருப்பது. பெரிய நிறுவனம் ஒன்றின் ‘தனியுரிமைக் கொள்கை’ என்ற தலைப்பை அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கும்? அந்தரங்கம் என்ற சொல் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது, வடமொழி என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை. உரிமை என்று சட்டத்தில் பேசும்போது அந்தரங்க உரிமை என்று எழுதலாம். தனிநபர் தரவைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், மயக்கமில்லாத சொல் இனி அடிக்கடி தேவைப்படும்.

மறைகுறியாக்கம் இருந்தால் அந்தரங்கம் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. டிரைவில் உள்ள கோப்பைப் பார்த்து விளம்பரம் காட்டுவதில்லை என்று கூகிள் சொல்கிறது. அது வாக்கு, நிறுவனம் காப்பாற்றும்வரை நிற்கும். மறுபக்கம், திறப்பறியாச் சேமிப்பில்கூட எப்போது உள்ளே வந்தீர்கள், கோப்பு எவ்வளவு பெரிது, யாருடன் பகிர்ந்தீர்கள் என்பவை பெரும்பாலும் நிறுவனத்துக்குத் தெரியும். கடிதம் ஒட்டியிருந்தாலும் உறையில் உள்ள விலாசத்தைத் தபால்காரர் வாசிக்கத்தானே வேண்டும்.

மாஸ்ரருக்குக் கடைசியில் செய்து கொடுத்தது இதுதான். மகன் கூகிள் டிரைவைத்தான் பாவிக்கிறார், அதை மாற்றச் சொல்லவில்லை. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் கிரிப்டோமேட்டர் என்ற மறைகுறியாக்க மென்பொருளைப் போட்டு, டிரைவுக்குள்ளேயே பூட்டிய பெட்டகம் ஒன்றை அமைத்து, உறுதிகளை அதற்குள் வைத்தோம். டிரைவைத் திறந்து பார்த்தால் கோப்புகளின் பெயர்கூடப் புரியாத எழுத்துச் சரமாகக் கிடக்கிறது. மாஸ்ரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீட்புத் திறப்பாக வந்த ஆங்கிலச் சொல்வரிசையைத் தன் உருண்டைக் கையெழுத்தில் சி.ஆர். கொப்பித் தாளில் இரண்டு தடவை எழுதினார். ஒன்று பொலித்தீனுக்குள், உறுதிகளோடு போனது.

மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இதைப் படமெடுத்து மகனுக்கு வாட்ஸப்பிலை அனுப்பட்டோ?”

“வேண்டாம் மாஸ்ரர்.”

அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்பும் மருமகளின் தங்கச்சியிடம், உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்து விட்டார்.