பத்துமலைப் படியும் ஓயாத மோட்டாரும்

செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்குத் தைராய்டு கூடுதல் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறார், உடம்போ இளைத்துக்கொண்டே போகிறது. போன தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் பாதி ஏறுவதற்குள் தொடை விட்டுவிட்டது. தைராய்டு கழுத்தில்தானே இருக்கிறது, தொடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

272 படி ஏறினால் யாருக்குமே மூச்சு வாங்கும். இந்த நோயில் மூச்சுக்கு முன்னால் தொடை நின்றுவிடுகிறது. விசாரித்தால் இன்னும் சில வெளிவரும். வாசலில் குந்திக் கோலம் போட்டவர் எழும்போது தரையில் கை ஊன்றுகிறார். துணி காயப்போடக் கையைத் தூக்கினால் தோள் சோர்கிறது. ஆனால் சட்டைப் பொத்தான் போடுவதில் சிக்கல் இல்லை. இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெரிய தசைகள்தான் முதலில் அடிவாங்குகின்றன.

பள்ளியில் படித்ததுதான்: தைராய்டு ஹார்மோன் இரத்தத்தோடு போய், செல்லுக்குள் நுழைந்து, உட்கருவில் பல மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அளவு மிஞ்சினால், தசையில் புரதம் கட்டுவதை உடைப்பது முந்திக்கொள்ளும். தசை இளைக்கும். சரி, ஆனால் பார்வைக்கு அவ்வளவாக இளைக்காத தொடைகூட ஏன் இப்படிக் களைத்துப்போகிறது? அதற்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தசை நாருக்குள் கால்சியத்தை அடைத்துவைத்த பைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. நரம்பின் கட்டளை வந்ததும் பையின் கதவு திறக்கும், கால்சியம் கொட்டும், தசை சுருங்கும். தளர்வது எப்படி? கட்டளை நின்றால் தானாகத் தளர்ந்துவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கொட்டியதை மறுபடி பைக்குள் இறைத்தால்தான் தளரும். ஓய்வில் இருக்கும் தசையில், பைக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே கால்சியம் ஏறக்குறைய 10,000 மடங்கு செறிவு. அந்த மேட்டுக்கு ஏற்றுவது பையின் சவ்வில் உள்ள பம்பு. இரண்டு கால்சியம் அயனிக்கு ஒரு ஏடிபி கூலி; ஏடிபி என்பது செல் சக்தியைச் செலவழிக்கும் சில்லறை மூலக்கூறு. இறந்த உடல் விறைத்துப்போவதும் இந்தக் கூலி தீர்ந்துபோவதால்தான்.

ஹார்மோன் தட்டி எழுப்பும் மரபணுக்களில் இந்தப் பம்பின் மரபணுவும் ஒன்று. ஹார்மோன் கூடினால் பம்பும் பெருகுகிறது, கால்சியம் வெளியேறும் கதவும் பெருகுகிறது. ஃபிளாட்டில் மாடித் தொட்டி கசிய, கீழே மோட்டார் இறைத்துக்கொண்டே இருப்பதை நினைத்துப் பாருங்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை, கரண்டு பில் மட்டும் ஏறுகிறது. செலவான சக்தி வெப்பமாகிறது. ஏர்கோன் அறையிலும் அம்மாவுக்கு வியர்க்க இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, நிதானமாகச் சிக்கனமாக உழைக்கும் நார்கள், வேகமாக இயங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்களின் குணத்துக்கு மாறுகின்றன. காவடி சுமக்க 100 மீட்டர் ஓட்டக்காரரை அனுப்பியது போல.

பம்பின் வேகத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பாதம் துள்ளும். தைராய்டு குறைந்தவருக்கு அது சோம்பலாகத் திரும்பும், கூடியவருக்குப் படக்கென்று திரும்பும். ஹார்மோனை இரத்தத்தில் அளப்பது எளிதாவதற்கு முன், இந்த நேரத்தைக் கருவியால் அளந்தே தைராய்டைக் கணித்தார்கள்! கால்சியம்தான் தசையின் சாவி என்று ஜப்பானிய விஞ்ஞானி எபாஷி சொன்னபோது பலர் நம்பவில்லை. தசை ஏன் தளர்கிறது என்று ஆராய இன்று ஒருவர் நிதி கேட்டால், இதில் என்ன லாபம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தசை சிதையும் பல நோய்களில் சிகே என்ற நொதி இரத்தத்தில் எகிறும். இதில் பெரும்பாலும் எகிறாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தசையில் ஒன்றுமில்லை, மனசுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"இளைத்துவிட்டாயே, என்ன டயட்?" என்று பாராட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கண்ணேறு என்று மிளகாய் சுற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். சுற்றட்டும், அப்புறம் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரையும் பார்க்கட்டும். எனக்குக் கோபம் வருவது, எடை குறைய இந்த ஹார்மோனையே மாத்திரையாக விற்கிறவர்கள் மீதுதான். தராசில் குறைவதில் தசையும் உண்டு என்று அவர்கள் சொல்வதில்லை.

அம்மாவுக்குத் தைராய்டு ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்திருப்பார்கள். படபடப்பு சில வாரங்களில் அடங்கலாம்; தொடைக்குப் பல மாதம் பிடிக்கும், ஆனால் பலம் பெரும்பாலும் திரும்பிவிடும். மருத்துவர் சரி என்றதும், வாரம் ஒருமுறை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 30 வினாடியில் எத்தனை முறை என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள்.