டிக்கெட்: தியேட்டரில் வாங்குவது, ஐடியில் போடுவது

தமிழில் டிக்கெட்டுக்குப் பல பொருள் உண்டு. பஸ்ஸில் எடுப்பது, தியேட்டரில் வாங்குவது, தேர்தல் நேரத்தில் கட்சித் தலைமை கொடுப்பது. ஒருவர் 'டிக்கெட் வாங்கிட்டார்' என்றால் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார். சிங்கப்பூரில் ஐடி வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு இவை எல்லாவற்றையும் விட அதிகம் புழங்குவது வேறொன்று: "லேப்டாப் ஓடலையா? முதல்ல டிக்கெட் போடு."

அலுவலகக் கணினிச் சேவையில் ஏதாவது கெட்டுப்போனாலோ, புதிதாக ஏதாவது தேவைப்பட்டாலோ, சேவை மேலாண்மை மென்பொருளில் அதை ஓர் எண்ணுடன் பதிந்துவைப்பதுதான் இந்த டிக்கெட். சர்வீஸ்நவ், ரெமெடி, ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்று மென்பொருள் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே.

ஒரு டிக்கெட்டைத் திறந்து பார்ப்போம். தலைப்பு வரி: 'ஸ்கேனர் பீப் அடிக்குது, திரையில ஒண்ணும் வரல.' அனுப்பியவர் துவாஸ் கிடங்கு ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். அடுத்தது முன்னுரிமை. பாதிப்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்து மென்பொருளே இதைக் கணக்கிடும். ஒரு ஸ்கேனர் மட்டும் என்றால் அடி வரிசையில் நிற்கும். கிடங்கு முழுக்க ஸ்கேனர்கள் ஊமையாகிவிட்டால் முதலிடத்துக்கு ஏறும். பிறகு எந்தக் குழுவின் பொறுப்பு, இப்போது என்ன நிலை, யார் எப்போது என்ன செய்தார் என்ற வரலாறு. 'வாட்ஸ்அப்ல சொன்னேனே' என்பதில் இந்தப் பொறுப்பும் கிடையாது, வரலாறும் கிடையாது. அதனால்தான் இந்த மென்பொருளைப் பராமரிக்கும் அட்மின்கள் டிக்கெட், டிக்கெட் என்று உயிரை வாங்குகிறார்கள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இந்த ஊரிலேயே பிரபலமான கதை இருக்கிறது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். புக்கிட் கோம்பாக்கில் நடைபாதையோரம் கிடந்த குச்சி அது. புல் சரிவு ஓர் அமைப்பின் கையில், நடைபாதை இன்னோர் அமைப்பின் கையில், வடிகால் மூன்றாவதன் கையில். குச்சியை எடுப்பது யார்? அதே ஆண்டு இந்த வேலைகளை ஒருங்கிணைக்கத் தனி அலுவலகம் அமைந்தது. 2015-ல் ஒன்சர்விஸ் செயலி வந்தது. படம் எடுத்துப் போட்டால் போதும், எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அங்கே போகும். ஐடி தெரியாத அம்மாவுக்கு டிக்கெட் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சில் ஒட்டு, பொருத்து என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல். அதிலிருந்து, ஒட்டிவைக்கும் குறிப்புத்தாளுக்கு ஒரு பெயர். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது டிக்கெட் என்றால் சிறு குறிப்பு, அவ்வளவுதான். நுழைய உரிமை தரும் சீட்டு என்பது பின்னால் சேர்ந்த பொருள். 'எட்டிகெட்' என்கிறோமே, அந்த நாசூக்கும் இதே வேரில் கிளைத்ததுதான். தொலைபேசி நிறுவனங்களில் பழுதைத் தாளில் எழுதி, சரிசெய்யும் ஆளிடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தாள் போய்த் திரை வந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இனி தமிழுக்கு வருவோம். இந்த டிக்கெட்டை என்னவென்று சொல்வது? பலர் கைவைக்கும் முதல் சொல் 'புகார்'. கூப்பாடு என்ற பொருளில் உருதுவிலிருந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் பழைய பெயருக்கும் இதற்கும் உறவில்லை. பிறமொழிச் சொல் என்பதல்ல இதில் சிக்கல். புது மானிட்டர் கேட்பவர் யார் மீதும் புகார் சொல்லவில்லையே!

எனக்குப் பிடித்தது 'சீட்டு'. இந்தியில் கடிதத்தைக் குறிக்கும் 'சிட்டி'யோடு உறவுள்ள சொல்தான் என்றாலும் முழுக்க நம்முடையதாகிவிட்டது. வாக்குச்சீட்டு, மருந்துச்சீட்டு, பயணச்சீட்டு என்று முன்னால் எதைச் சேர்த்தாலும் ஏற்றுக்கொள்ளும். சிங்கப்பூரில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது: அரசு வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தாயிற்றா என்று கேட்காத வீடு உண்டா? எனவே பொதுப்பெயராகச் 'சேவைச்சீட்டு' சரியாக வரும். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஓலைக் காலத்து 'நறுக்கு' இருக்கிறது. அழகான சொல். ஆனால் 'நறுக்குப் போடு' என்றால் வெங்காயத்தைத்தான் தேடுவார்கள்.

சீட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'சீட்டுக் கிழிஞ்சது' என்றால் வேலை போயிற்று. அதனால் 'உங்கள் சீட்டு நீக்கப்பட்டது' என்ற தானியங்கி மின்னஞ்சலை மட்டும் எந்த அட்மினும் தமிழில் எழுதிவிட வேண்டாம்.

உண்மையான தகராறு சீட்டின் வகைப்பெயர்களில்தான். இந்த மென்பொருள்களின் பயனர் குழுச் சந்திப்புகளில் நாலு தமிழ் அட்மின்கள் ஒரு மேசையில் சேர்ந்தால் 'இன்சிடென்ட்' என்பதற்கு என்ன சொல்வது என்பதில் போய் நிற்கும். 'சம்பவம்' என்றால் போலீஸ் வாடை. இளையவர்களுக்கு அது வேறு மாதிரிச் சம்பவம். 'நிகழ்வு' மரியாதையாக இருக்கிறது, ஆனால் தவறு. இந்தத் துறையின் வழிகாட்டியான ஐடில், 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு உருவாக்கிய நடைமுறைத் தொகுப்பு. அதில் 'ஈவென்ட்' தனி, 'இன்சிடென்ட்' தனி. சேவையில் கவனிக்க வேண்டிய எந்த நிலைமாற்றமும் முதலாவது. எதிர்பாராமல் சேவை நிற்பதோ தரம் குறைவதோ இரண்டாவது. நிகழ்வை முதலாவதுக்கு விட்டுவிட்டால் இரண்டாவதுக்குக் கையில் தயாராக இருக்கிறது 'தடங்கல்'. தூர்தர்ஷன் காலத்துத் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' எல்லாருக்கும் மனப்பாடம். ஆக, இன்சிடென்ட் தடங்கல்சீட்டு. மானிட்டர் கேட்பது கோரிக்கைச்சீட்டு. ஒரே தடங்கல் திரும்பத் திரும்ப வந்தால் அதன் வேரைத் தேடத் திறக்கும் 'பிராப்ளம்' பதிவை 'மூலக்காரணச் சீட்டு' என்பேன். கொஞ்சம் நீளம்தான்.

வினைச்சொல்லுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. 'டிக்கெட்டை எழுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள்; தூங்குகிறவரைத்தான் எழுப்புவோம். மனுப் போடுகிறோம், அதைப் போலச் சீட்டுப் போடலாம். கடைசி இரண்டு நிலைகளில் மட்டும் கவனம் தேவை. வேலை பார்த்தவர் 'சரியாகிவிட்டது' என்று குறித்தால் அது 'தீர்ந்தது'. கேட்டவர் ஒப்புக்கொண்ட பிறகோ, பதில் வராமல் குறித்த நாள் கடந்த பிறகோதான் 'முடிந்தது'. இரண்டுக்கும் 'மூடப்பட்டது' என்று போட்டால், ஸ்கேனர் இன்னும் வேலை செய்யாத இரவு ஷிஃப்ட்காரர், பழைய சீட்டையே மீண்டும் திறக்கலாம் என்று தெரியாமல் புதிதாக இன்னொன்று போடுவார். சீட்டு எண்ணின் முன்னால் வரும், இன்சிடென்ட்டைக் குறிக்கும் 'ஐஎன்சி' போன்ற எழுத்துகளை மொழிபெயர்க்காமல் அப்படியே விடலாம்; தொலைபேசியில் படித்துச் சொல்லவும் தேடவும் அதுதான் வசதி.