மலை இறங்கும் பழைய காருக்கு முதல் செலவு பிரேக்குக்கே

பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி என் கராஜுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை சொல்கிறார்கள். முதலில் டிங்கர், பெயிண்ட். பிறகு சீட் துணி, அலோய் வீல், பாட்டு செட். அப்புறம் எஞ்சின் சத்தம். கடைசியாக, கையில் இருந்த காசு தீர்ந்த பிறகு, "பிரேக் கொஞ்சம் இறங்குதண்ணே, அதை அடுத்த மாசம் பார்ப்போம்" என்பார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலையில் ஏற முடியாத கார் வழியில் நின்றுவிடும். கயிறு கட்டி இழுத்து வரலாம். இறங்கும்போது பிரேக் பிடிக்காத காருக்கு அந்த வசதி கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எஞ்சினுக்குச் செலவழிக்கும் மனசு பிரேக்குக்கு வருவதில்லை. எஞ்சின் கெட்டால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பிரேக் ஒயில் கெட்டுப்போனால் சமதரையில் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது.

பழைய கார் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரையும், கிளாக்கர் ஐயாமாரும் வாத்தியார்களும் வைத்திருந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர் தகடு போட்ட கார் இன்னும் ஓடுகிறது என்றால் அந்த வீட்டில் யாரோ அதைப் பிள்ளை மாதிரி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் சொந்தக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் லான்சர், நிசான் ட்ரட் சனி, பழைய சிவிக் என்று எல்லாவற்றின் விலையும் ஏறியது. மூலையில் கிடந்த கார்களைக்கூட இளம் பிள்ளைகள் தேடிப் பிடித்து எழுப்பினார்கள். எனக்கு அது சந்தோஷம்தான். கவலை எங்கே வருகிறது என்றால், வருடக்கணக்கில் நின்ற ஒரு காரில் பெட்டரியும் பிளக்கும் மாற்றி, ஸ்டார்ட் ஆனவுடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு றம்பொடை மலைப் பாதையில் இறங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கிருந்து லபுக்கலை, றம்பொடை, தவலந்தென்னை வழியாகக் கம்பளைக்கு வரும்போது ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே இறங்குகிறோம். ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இந்தச் சக்தி எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றோடும் டயரோடும் போகும். கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனை சூடும் உரசிப் பிடிக்கும் பிரேக் லைனருக்கும் அது உரசும் ட்ரம்முக்கும்தான். அங்கிருந்து, சக்கரத்தில் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ஒயிலுக்கு ஏறும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டொட் 3 (DOT 3) என்ற தரத்துப் புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் தரக் கணக்குப்படி அது 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. மிதித்து மிதித்துச் சூடான பிரேக்கில் அந்த அளவைத் தொடுவது பெரிய காரியமில்லை. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஒயிலை அமுக்க முடியாது என்பதால்தான் பிரேக் வேலை செய்கிறது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே முடிந்துவிடும். பெடல் தரையைத் தொடும், கார் அதன் போக்கில் போகும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் பெடல் திரும்பி வந்துவிடும். பலர் "இப்ப சரியாகிட்டு" என்று அப்படியே ஓட்டிப் போவது இதனால்தான். சரியாகவில்லை. ஒயில் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் நம் ஊரில், இறக்கத்தில் ஓடும் பழைய காருக்கு வருடம் ஒரு தடவை மாற்றுங்கள் என்பேன். மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, பழையது முழுக்க வெளியேறி, நிறம் தெளிந்த ஒயில் வரும்வரை பிளீட் பண்ண வேண்டும். டிக்கியில் பாதி தீர்ந்து கிடக்கும் பழைய போத்தலை எடுத்து ஊற்றாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றிக்கொண்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த ஒயில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, சக்கரத்துக்கு ஒயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் வரை அத்தனை ரப்பரையும் மாற்றாமல் அந்தக் காரை வெளியே விடக்கூடாது.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் காரின் மாஸ்டர் சிலிண்டர் பொனெட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டை விலக்கி மூடியைத் திறந்தால்தான் ஒயில் அளவு தெரியும். அழகான புதுக் கார்ப்பெட்டை ஒட்டி, அந்த மூடியை நிரந்தரமாக மறைத்துவிட்ட கார்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு அந்த வகைப் பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒரு பிரேக் லைன், அதாவது ஒரே ஒயில் குழாய்த் தொடர்தான். பின்னால் வந்த கார்களில் இரண்டு லைன் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும். ஒற்றை லைன் காரில் ஒரு ஹோஸ் வெடித்தால் மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக்கும் கியரும்தான். 1967க்கு முந்திய வோக்ஸ்வேகன் பீட்டிலும் இதே கணக்குத்தான். இந்தக் கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால் அதைச் சின்ன வேலை என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. சமதரையில் காரை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் மெதுவாகக் கீழே போனால், வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் உள் பக்கம் ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இழுத்துப் பிடித்தால் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒயிலைத் திரும்பவிடாமல் இருக்கலாம். வெளியே பார்த்தால் அது புதுசு போலவே இருக்கும்.

பாகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாகங்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகக் கடைகளில் தேடி, "ஒரிஜினல் பெட்டியோட கிடைச்சது" என்று பழைய ஸ்டொக் ரப்பர் கிட்டை ஆசையாகக் கொண்டுவருவார்கள். இரும்புச் சாமான் என்றால் நானும் சந்தோஷப்படுவேன். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயசாகும். முப்பது வருடம் தட்டில் கிடந்த ஒரிஜினலை விட, அண்மையில் செய்த நல்ல தரமான மாற்று ரப்பர் மேல். பழைய ஹோஸைக் கழற்றி இன்னொரு காருக்குப் போடுவது என் கராஜில் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

இனி ஓட்டும் விதம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர்மார் சொன்னதை மாற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வளைவு வந்த பிறகு கியரைக் குறைக்கப் பார்க்காதீர்கள், இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிடுங்கள். பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்காமல், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். விட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் பிரேக் ஆறும். ஓட்டோ கியர் என்றால் டி-யிலேயே விட்டுவிடாமல் 2 அல்லது எல்-க்கு மாற்றுங்கள்.

2022இல் பெட்ரோல் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று ஆரம்பித்தபோது, எஞ்சினை நிறுத்திவிட்டு மலை இறங்கும் பழக்கம் பலருக்குத் தொற்றிக்கொண்டது. பெட்ரோல் தட்டுப்பாடு போன பிறகும் சிலரிடம் அந்தப் பழக்கம் போகவில்லை. மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் உள்ள காரில் எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதியோடு அந்த உதவி தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாக இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். உண்மையில் இன்ஜெக்ஷன் கார் கியரில் இறங்கும்போது, எக்சலேட்டரில் கால் இல்லாவிட்டால், பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடுபவர் பெட்ரோலையும் இழக்கிறார், பிரேக்கையும் இழக்கிறார்.

அப்படியே பெடல் கைவிட்டால்? வேகமாகப் பல தடவை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக் கார் சுழலும்; பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வேறு வழியே இல்லை என்றால் மண் மேடு இருக்கும் பக்கம் உரசி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். நின்ற பிறகு சூடான ட்ரம்மிலோ டிஸ்க்கிலோ ஓடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெடிக்கும் அல்லது கோணும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் சிக்கிய விபத்தில் 7 பேரை இழந்தோம். அந்தப் பாதையில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் அதன் சரிவு தெரியும். சின்னக் கார்தானே என்று அங்கே அலட்சியம் வேண்டாம்.

சித்திரையில் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நடக்கும் நாட்களில் இளைஞர்கள் காரைத் தாழ்த்தித் தரச் சொல்லி வருவார்கள். ஆர்வம் புரிகிறது. ஆனால் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காரை, பள்ளமும் கானுமான தோட்டப் பாதையில் ஓட்டினால் டயர் மட்கார்டில் உரசும், பிரேக் ஹோஸ் இழுபடும் அல்லது தேயும். அகலமான டயர் போட்டுவிட்டு பழைய சின்ன ட்ரம்மையே நம்புவதும் சரியில்லை. போட்டிக் கார் மலை உச்சிக்கு ஏறினால் அதன் வேலை முடிந்தது. நீங்கள் அதே காரில் வீட்டுக்கு இறங்க வேண்டும்.

டயர் என்றதும் நினைவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரில் டயர் தேயாது, ஆனால் காயும். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியதை, பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நனைந்த பாதையில் நம்ப முடியாது.

எஞ்சின் பக்கம் இரண்டே விஷயம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் அந்த அளவு மேலே போகிறது. ஆகவே ரப்பர் போன மூடியை மாற்றுங்கள், சின்னக் காசுதான். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை நிறுத்துங்கள். நம் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி, பெட்ரோலைக் குடித்து, சீக்கிரம் தேயும். அடுத்தது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர். இங்கே காற்று கொழும்பை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. கொழும்பில் டியூன் பண்ணிய கார்பரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பிளக் கறுத்துப்போவதும், புகைப் பரிசோதனையில் தோற்பதும் பல நேரம் இதனால்தான். எஞ்சினைப் பிரிக்குமுன் அதைச் சரிசெய்து பாருங்கள்.

துருவுக்கு ஒரு வார்த்தை. தார்ப்பாயால் இறுக்கி மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றோட்டமான கூரை போதும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். காலடிக் கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவையுங்கள். காருக்கு அடியில் ஓடும் பிரேக் குழாயையும் அப்போதே தடவிப் பாருங்கள், துரு அதையும் விடாது.

வருடாந்த லைசன்ஸுக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். சொந்தக் காருக்குப் பிரேக்கைச் சோதித்துப் பார்த்துத் தகுதிச் சான்றிதழ் தா என்று யாரும் கேட்பதில்லை. உங்களை விட்டால் அதைப் பார்க்க ஆள் இல்லை.

ஏப்ரல் சீசனுக்குக் காரை எடுக்க நினைப்பவர்கள் பிரேக் வேலையை மார்ச் ஆரம்பத்திலேயே ஏதாவது ஒரு நல்ல கராஜில் கொடுத்துவிடுங்கள். பழைய கார்களின் ரப்பர் கிட்டும் ஹோஸும் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், புத்தாண்டு நெருங்கினால் கடைகள் மூடிவிடும். வேலை முடிந்ததும் நேரே நீண்ட பயணம் போகாமல், பக்கத்திலுள்ள ஒரு சின்ன இறக்கத்தில் நாலைந்து தடவை ஓட்டி, சக்கரங்களின் உள் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு குடும்பத்தை ஏற்றுங்கள்.